குடும்பக் காரின் கதை: எண்ணூரிலும் ருஷ்யாவிலும்

கார் என்பது தமிழிலே மிகப் பழைய சொல். அது கருமையைக் குறிக்கும், மேகத்தைக் குறிக்கும், மழை பெய்யும் பருவத்தையும் குறிக்கும். ஆனால் இன்று ஒரு சிறுவனிடம் "கார் வருகிறது" என்று சொன்னால், அவன் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வீதியைத்தான் திரும்பிப் பார்க்கிறான். கடல் கடந்து வந்த ஒரு சொல், நம் பழஞ்சொல்லின் இடத்தில் அவ்வளவு உரிமையோடு அமர்ந்துகொண்டது.

இந்த இரண்டு கார்களையும் ஒருங்கே அறிந்த ஊர்களுள் ஒன்று சடையங்குப்பம். சென்னைக்கு வடக்கே, மணலிக்கும் எண்ணூருக்கும் இடையிலே, பக்கிங்காம் கால்வாயையும் கொசஸ்தலை ஆற்றையும் அடுத்துக் கிடக்கும் தாழ்ந்த நிலம் அது. கார்மேகம் திரண்டால் அங்குள்ளோர் வெள்ளத்தை எண்ணி அஞ்சுவர். மற்றொரு காரோ அவ்வூரின் அண்டையிலேயே பிறந்தது. ஆம், நேயர்களே! சுதந்திர இந்தியாவின் தொடக்க நாட்களில் மோட்டார் கார் உருவான இடங்களுள் ஒன்று, சடையங்குப்பத்தின் அருகிலுள்ள எண்ணூர்.

நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வருவாயைக் கொண்டு வாங்கக்கூடிய கார் எவ்வாறு உருவாயிற்று? இக்கேள்வியை நம் நாட்டைப் போலவே தன்முன் நிறுத்திக்கொண்ட மற்றொரு பெரிய நாடு சோவியத் ருஷ்யா. இருவர் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் விளங்கும். அவற்றையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் மோட்டார் வண்டி என்பது செல்வத்தின் சின்னம். எம்.சி. 1 என்ற பதிவு எண் கொண்ட வண்டி சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவருக்கு உரியது. இவர் சென்னைத் துறைமுகத்தின் தலைவராக விளங்கியவர். கணித மேதை இராமானுஜன் குமாஸ்தாவாகப் பணிபுரிந்த அலுவலகத்தின் தலைவரும் இவரே. எம்.சி. 3 என்ற எண்ணைப் பெற்றவர், சென்னையின் பெருங்கட்டடங்கள் பலவற்றை எழுப்பிய நம்பெருமாள் செட்டியார். தலைவருக்குக் கார் இருந்தது. குமாஸ்தாவோ நடந்து சென்றார். அந்த நாளைய சமுதாயத்தின் படத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத இயலாது.

அக்காலத்துக் கார்கள் அனைத்தும் அயல்நாட்டவை. முழு உருவிலேயே கப்பலில் வந்து இறங்கின. பின்னர் 1928ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பம்பாயில் ஒரு தொழிற்சாலை அமைத்தது. அங்கே கார் செய்யப்படவில்லை, பூட்டப்பட்டது. வெளிநாட்டில் செய்த பாகங்களைப் பெட்டிகளில் அடைத்து அனுப்புவர்; இங்குள்ள தொழிலாளர் அவற்றை எடுத்து இணைத்து ஓடவிடுவர். இதனால் கப்பல் கூலியும் சுங்க வரியும் குறைந்தன. ஆனால் பாகங்களைச் செய்யும் அறிவு நம் கைக்கு வரவில்லை. பூட்டுதல் வேறு, செய்தல் வேறு. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நம் கதை முழுவதும் இதைச் சுற்றியே சுழல்கிறது.

நாடு விடுதலை பெற்றது. புதிய தொழில்கள் எழவேண்டும் என்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு தொழில் முனைவோரை ஊக்கினார். அவ்வூக்கத்தை ஏற்றவர்களுள் ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த ரகுநந்தன் சரண். 1948ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். தம் மகன் அசோக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதுவே அசோக் மோட்டார்ஸ். தொழிற்சாலைக்கு அவர் தேர்ந்த இடம் எண்ணூர். துறைமுகம் அருகில் இருந்தது; இருப்புப்பாதை பக்கத்திலேயே ஓடியது; பரந்த வெற்று நிலமும் கிடைத்தது. ஓராண்டு கழித்து, 1949 செப்டம்பரில், முதல் ஆஸ்டின் ஏ-40 வண்டி எண்ணூரிலிருந்து வெளிவந்தது.

ஆஸ்டின் ஏ-40 இங்கிலாந்திலே 1947ஆம் ஆண்டில் அறிமுகமான வண்டி. 1,200 கன சென்டிமீட்டர் அளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரம்; 40 குதிரைச் சக்தி; நான்கு கதவுகள். போரினால் வறண்டுபோன பிரிட்டன், அந்நியச் செலாவணி ஈட்டுவதற்காக உலகெங்கும் ஏற்றுமதி செய்த குடும்ப வண்டி அது. பெரிய அமெரிக்க வண்டிகளோடு ஒப்பிட்டால் சிறியது. பெட்ரோலும் குறைவாகவே குடிக்கும். டாக்டர்களும் வக்கீல்களும் வணிகர்களும் விரும்பத்தக்க அடக்கமான கார் எனலாம். ஆனால் எண்ணூர்த் தொழிற்சாலையில் அதைப் பூட்டிய தொழிலாளி அதை வாங்க இயலுமா? இயலாது. அவன் சைக்கிளிலோ ரயிலிலோ வந்து, காரைப் பூட்டிவிட்டு, வந்த வழியே திரும்பிச் சென்றான்.

இந்நிலையில் ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டுவதோடு நின்றுவிட்டால் தொழில் வளராது என்று அரசாங்கம் கருதியது. 1953ஆம் ஆண்டில் சுங்கத் தீர்வைக் குழு ஒரு முடிவை முன்வைத்தது. படிப்படியாகப் பாகங்களை இந்நாட்டிலேயே செய்யத் திட்டம் வைத்திருப்பவர் மட்டுமே தொழிலில் நீடிக்கலாம் என்பது அதன் சாரம். அரசாங்கம் அதை ஏற்றது. பம்பாயில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு நிலைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டிக்கொண்டு வெளியேறிற்று. எண்ணூரின் முன்னும் அதே கேள்வி எழுந்தது. செய்வதா, விடுவதா? செய்வதாயின் எதைச் செய்வது?

ரகுநந்தன் சரண் இதற்கு முன்னரே ஒரு விடையைக் கண்டிருந்தார். இந்த நாட்டுக்கு உடனடித் தேவை கார் அன்று. பாரம் சுமக்கும் லாரியும் மக்களைச் சுமக்கும் பஸ்ஸுமே என்று அவர் உணர்ந்தார். பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு பேச்சு நடத்தினார். அது நிறைவேறும் முன்னே விமான விபத்து ஒன்றில் அவர் உயிர் துறந்தார். எனினும் சென்னை அரசாங்கமும் மற்றைய பங்குதாரர்களும் அம்முயற்சியைத் தொடர்ந்தனர். லேலண்ட் கூட்டுச் சேர்ந்தது. 1955ஆம் ஆண்டில் நிறுவனம் அசோக் லேலண்ட் என்னும் புதுப் பெயர் பெற்றது. ஆஸ்டின் கார் எண்ணூரை விட்டு மறைந்தது. காமெட் லாரியும் பஸ்ஸும் அவ்விடத்தைப் பிடித்தன. 1967ஆம் ஆண்டில் டைட்டன் என்னும் இரண்டடுக்குப் பஸ்ஸும் வந்தது.

அதே 1955ஆம் ஆண்டில் பக்கத்துத் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. ஆக, வட சென்னை தன் குடும்பக் காரை இழந்தது. பஸ்ஸையும் மோட்டார் சைக்கிளையும் பெற்றது. இது நஷ்டமா, லாபமா? விடை கூறுமுன் ருஷ்யாவுக்குச் சென்று வருவோம்.

ருஷ்யப் புரட்சிக்குப் பின் அந்நாட்டில் மோட்டார்த் தொழில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். 1929ஆம் ஆண்டில் சோவியத் அரசாங்கம் ஒரு வியப்பான செயலைச் செய்தது. முதலாளித்துவத்தின் பெருமகனாகிய ஹென்றி போர்டுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. நிஜ்னி நாவ்கரட் நகரில் போர்டின் முறைப்படி ஒரு மாபெரும் தொழிற்சாலை கட்டப்பட்டது. 1932இல் அது வேலை தொடங்கிற்று. ஆயினும் அங்கே மிகுதியாக உருவானவை லாரிகளே. தனி மனிதனுக்குக் கார் என்பது அன்று திட்டத்தின் கடைசி வரியிலே இருந்தது. எண்ணூர் 1955இல் கண்ட விடையைத்தான் ருஷ்யாவும் முன்னரே கண்டிருந்தது.

குடும்பக் கார் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே வந்தது. 1946ஆம் ஆண்டின் இறுதியில் மாஸ்கோவில் மாஸ்க்விச் 400 என்ற சிறு கார் வெளிவரத் தொடங்கியது. மாஸ்க்விச் என்றால் மாஸ்கோக்காரன் என்று பொருள். பெயர் ருஷ்யப் பெயர், உருவமோ ஜெர்மானியருடையது. போருக்கு முன் ஜெர்மனியில் ஓடிய ஒப்பெல் காடெட் வண்டியை அடியொற்றி அது அமைந்தது. 1,074 கன சென்டிமீட்டர் இயந்திரம். 23 குதிரைச் சக்தி. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து எண்ணூரில் பூட்டப்பட்ட ஆஸ்டினைவிட அது எளிய வண்டி.

அடுத்த படி 1960ஆம் ஆண்டு. உக்ரேன் நாட்டு ஜாபரோஜியே நகரில் அறுவடை இயந்திரங்கள் செய்துவந்த ஒரு தொழிற்சாலை, கார் செய்யத் தொடங்கியது. ஜாபரோஜெத்ஸ் என்னும் அந்தக் கார் மிகச் சிறியது. இயந்திரம் பின்புறத்தில், அதைக் குளிர்விக்கத் தண்ணீர் தேவையில்லை, காற்றே போதும். கடுங்குளிரில் தண்ணீர் உறைந்துபோகும் நாட்டிற்கு இது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு! போரில் கால் இழந்த வீரர்கள் கையாலேயே ஓட்டும்படி தனி வகை ஒன்றும் அதில் செய்யப்பட்டது. அதன் விலை 1,800 ரூபிள். அந்நாளில் ஒருவர் பெற்ற சராசரி மாதச் சம்பளம் ஏறத்தாழ 80 ரூபிள். கணக்கில் தேர்ந்த மாணவர்கள் வகுத்துப் பார்க்கலாம். உண்ணாமலும் உடுக்காமலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்தால் ஒரு கார்.

இக்காலத்தில் சோவியத் தலைவராக இருந்த குருஷ்சேவ் தனியார் கார்களைப் பெரிதும் விரும்பவில்லை. பொதுக் கார்க் கூடங்கள் அமைய வேண்டும். தேவையானவர் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டுத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டில் அவர் பேசினார். கருத்து நல்லதுதான். ஆனால் மக்கள் மனம் வேறு வழியிற் சென்றது. தன் வீட்டு வாசலில் தன் கார் நிற்கவேண்டும் என்ற ஆசைக்கு அரசியல் கொள்கைகளின் எல்லை தெரிவதில்லை.

அவ்வாசைக்கு அரசாங்கமே பணிந்த ஆண்டு 1966. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இத்தாலி நாட்டுப் பியட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வோல்கா நதிக்கரையில், இத்தாலியப் பொதுவுடைமைத் தலைவர் தோலியாட்டியின் பெயரைத் தாங்கிய நகரில், ஆண்டுக்கு 6,60,000 கார்கள் செய்யவல்ல தொழிற்சாலை எழுந்தது. 1970 ஏப்ரல் 19ஆம் நாள் முதற் கார் வெளிவந்தது. உள்நாட்டில் ஜிகுலி என்றும் வெளிநாடுகளில் லாடா என்றும் அது வழங்கப்பட்டது.

இங்கே மாணவர்கள் சற்று நிதானித்துக் கவனிக்க வேண்டும். இத்தாலியப் பியட் 124 வண்டியை ருஷ்யர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இத்தாலியின் சாலை வேறு, ருஷ்யாவின் சாலை வேறு. மாதிரி வண்டிகளை ருஷ்யச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். தகடுகள் தாங்கவில்லை; தடைகள் சேற்றில் அடைபட்டன. ஆகவே உடலின் தகட்டைக் கனமாக்கினார்கள். தரையிலிருந்து வண்டியின் உயரத்தைக் கூட்டினார்கள். பின் சக்கரங்களின் தட்டுத் தடைகளை நீக்கிச் சேறு புகாத உருளைத் தடைகளை வைத்தார்கள். இயந்திரத்தையும் மாற்றினார்கள். மின்கலம் குளிரில் செயலிழந்தால் கையால் சுழற்றிக் கிளப்பும் வசதியையும் சேர்த்தார்கள். மாற்றங்களின் எண்ணிக்கை 800க்கு மேல். கடன் வாங்கிய வண்டி இவ்வாறு சொந்த வண்டி ஆயிற்று.

ஆனால் விலை? ஏறத்தாழ 5,500 ரூபிள். 1970இல் சராசரி மாதச் சம்பளம் ஏறத்தாழ 122 ரூபிள். நான்கு ஆண்டுச் சம்பளத்துக்குச் சற்றே குறைவு. பணம் சேர்த்தாலும் கார் உடனே கிடைப்பதில்லை. தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வரிசைப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விலைச் சீட்டில் எழுதப்படாத விலை ஒன்று உண்டு. அதுவே காத்திருக்கும் காலம்.

இதைக் கேட்டு நாம் ருஷ்யரைப் பார்த்து நகைக்க வேண்டியதில்லை. நம் வீட்டிலும் அதே கதைதான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாஸடர், பிரீமியர் நிறுவனத்தின் பியட், சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு என்னும் மூன்றுமே பல ஆண்டுகள் இந்தியச் சாலைகளை ஆண்டன. இவற்றின் முன்னோர்கள் முறையே ஆங்கிலேயர், இத்தாலியர், மீண்டும் ஆங்கிலேயர். வாங்க விரும்புவோர் மிகப் பலர். வண்டிகளோ மிகச் சில. 1959ஆம் ஆண்டில் கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த அரசாங்கம் ஓர் ஆணையே பிறப்பிக்க வேண்டியதாயிற்று. பெயர் பதிந்த தந்தை முதியவராகிவிட, மகன் வந்து காரை ஓட்டிச் சென்றான் என்று வேடிக்கையாகப் பேசுவார்கள்.

வண்டலூரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றிச் சென்னைவாசிகள் ஒரு வார்த்தை பெருமையோடு சொல்லலாம். 1961ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. 948 கன சென்டிமீட்டர் அளவே உள்ள சிறு இயந்திரம். முன்பகுதி முழுவதையும் ஒரே மூடியாகத் தூக்கித் திறக்கலாம். ஆகவே மெக்கானிக் நின்றபடியே வேலை பார்க்கலாம். குறுகிய தெருவிலும் எளிதில் திரும்பும். ஜார்ஜ் டவுன் சந்துகளுக்கென்றே செய்தாற்போன்ற வண்டி! எண்ணூர் கைவிட்ட குடும்பக் கார், நகரின் மறுகோடியில் இவ்வாறு உயிர் வாழ்ந்தது. 1980களின் இறுதியில் அத்தொழிற்சாலையும் ஓய்ந்தது.

உண்மையிலேயே பலர் வாங்கத்தக்க கார் இந்தியாவில் வந்தது 1983 டிசம்பரில். ஜப்பானிய சுசுகி நிறுவனத்தின் துணையோடு அரசாங்க நிறுவனமாகிய மாருதி உத்யோக் வெளியிட்ட மாருதி 800 அது. விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். 1959-60இல் எல். கே. ஜா தலைமையிலான குழு மோட்டார்த் தொழிலை ஆராய்ந்த நாள் முதல் பேசப்பட்டுவந்த மலிவு விலைக் கார் கனவு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்தே நனவாயிற்று.

இரு நாட்டுக் கதைகளும் ஒன்றை ஒன்று தொட்ட இடங்களும் உண்டு. ருஷ்யர் லாடாவாக்கிய அதே பியட் 124 வண்டியின் உருவம், 1980களின் நடுவில் பிரீமியர் 118 என்.இ. என்ற பெயரில் நிஸான் இயந்திரத்தோடு நம் நாட்டுக்கும் வந்தது. அது மட்டுமன்று. 2014ஆம் ஆண்டில் ஜப்பானிய நிஸான் நிறுவனம், டாட்சன் என்ற தன் பழைய பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டு, எளிய குடும்பங்களுக்கென இந்த இரண்டு நாடுகளிலும் கார் செய்தது. ஒன்று சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடத்தில். மற்றொன்று லாடா பிறந்த அதே வோல்கா நதிக்கரைத் தொழிற்சாலையில். இரண்டுமே நிலைக்கவில்லை. ருஷ்யாவில் 2020இலும் இந்தியாவில் 2022இலும் அவை நின்றுபோயின. மலிவு என்ற ஒன்றை மட்டும் சொல்லி மக்களைக் கவர முடியாது என்பதை, 2008இல் ஒரு லட்சம் ரூபாய் விலை அறிவிப்போடு அறிமுகமாகி 2018இல் மறைந்த டாட்டா நானோவும் நமக்கு உணர்த்திற்று. எளியவனும் தன்னை எளியவன் என்று ஊரறியச் சொல்லும் வண்டியில் ஏற விரும்புவதில்லை.

இப்போது எண்ணூருக்குத் திரும்புவோம். முன்பு எழுப்பிய கேள்வி நிற்கிறது. 1955இல் காரை விட்டுப் பஸ்ஸைப் பிடித்தது நஷ்டமா, லாபமா?

ஒரு குடும்பக் காரில் ஐவர் செல்லலாம். ஒரு பஸ்ஸில் ஐம்பதின்மர் செல்லலாம். சடையங்குப்பத்திலிருந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும், மணலியில் வேலைக்குச் செல்லும் தாய்க்கும், பல ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்துவைக்க இயலாத எவருக்கும் மலிவான கார் எது? அவர்கள் கையை நீட்டினால் நிற்கும் பஸ்ஸே அது. அவ்வகையில் எண்ணூர்த் தொழிற்சாலை குடும்பக் காரைக் கைவிட்டது என்று சொல்வதைவிட, கார் இல்லாத குடும்பங்களுக்கெல்லாம் ஊர்தி செய்தது என்று சொல்வதே பொருந்தும். குருஷ்சேவ் கூறிய பொதுக் கார்க் கூடம் ருஷ்யாவில் தழைக்கவில்லை. நம் பஸ்ஸோ நாடெங்கும் ஓடியது.

எனினும் வாசலிலே நிற்கும் காரை விரும்புவது குற்றமன்று. நோயுற்ற தந்தையை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவனுக்குப் பஸ்ஸின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை. இரண்டும் வேண்டும். எது முதலில், எவ்வளவு என்பதே ஒரு நாடு தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மற்றொன்றையும் மறவாதிருப்போம். இன்று எண்ணூரில் 2001இல் திறக்கப்பட்ட துறைமுகம் இருக்கிறது; 2014 முதல் அது காமராசர் துறைமுகம் என வழங்குகிறது. தமிழ்நாட்டில் செய்த கார்கள் வரிசை வரிசையாக அங்கே கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. ஒரு காலத்தில் பெட்டியில் அடைபட்டு வந்த கார், இன்று முழு உருவில் வெளியே செல்கிறது. பூட்டுதலில் தொடங்கிச் செய்தலில் முடிந்த இந்தப் பயணம் நாம் பெருமைப்படத்தக்கது. ஆனால் அதே எண்ணூர் முகத்துவாரத்தில், 2023 டிசம்பர் மாதப் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவியபோது, மீனவர் வலைகள் கரிய பிசினாயின; சுற்றியுள்ள தாழ்ந்த ஊர்கள் துன்புற்றன. காரைக் காணாத வீடும் காருக்காக ஒரு விலை கொடுக்கிறது. இந்த விலையும் எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளைய பொறியியலாளர்கள். ருஷ்யர் பியட் வண்டியைத் தம் சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருத்தியதை நினைவிற் கொள்ளுங்கள். பிறர் அறிவைக் கடன் வாங்குவது இழிவன்று. அதை நம் மண்ணில் ஓட்டிப் பார்க்காமல் இருப்பதே இழிவு. சடையங்குப்பத்தின் நீர் தேங்கிய மண் சாலையில் ஓடவும், எளியவர் கைக்கு எட்டவும், ஆற்று நீரைக் கெடுக்காமல் இயங்கவும் வல்ல ஊர்தி இன்னும் செய்யப்படவில்லை. அதைச் செய்பவர் உங்களுள் ஒருவராக இருக்கட்டும். அன்று, கார் வருகிறது என்று சொன்னால் அவ்வூரார் வானத்தைப் பார்த்தும் அஞ்ச வேண்டியதில்லை. வீதியைப் பார்த்தும் ஏங்க வேண்டியதில்லை.